பசி விளையாட்டும் ஒரு துண்டுப் பாணும்



சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பாமல் பிள்ளை ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தால், நமக்குள் இரண்டு எண்ணங்கள் ஒன்றாக வருகின்றன. வாசிக்கிறாளே என்று ஒரு சந்தோஷம். எதை வாசிக்கிறாளோ என்று ஒரு கலக்கம். சந்தோஷத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. கலக்கத்தை மட்டும் உடனே சொல்லிவிடுகிறோம். புத்தகத்தை வாங்கி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி திருப்பிக் கொடுக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு எங்கே நேரம்? சமையல், உடுப்புக் கழுவுதல், டியூஷனுக்குக் கூட்டிப் போதல் எல்லாம் போக மிஞ்சுவது தூக்கம் மட்டும்தான்.

அப்படிப் பிள்ளைகள் தலையைப் புதைக்கும் புத்தகங்களில் ஒன்றை அண்மையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே வாசித்தேன். 'த ஹங்கர் கேம்ஸ்' என்பது அதன் பெயர். 'பசி விளையாட்டுகள்' என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் எழுதிய இந்த நாவல் 2008 இல் வெளிவந்தது. 2009 இலும் 2010 இலும் அதன் தொடர்ச்சியாக இரண்டு பாகங்கள் வந்தன. 2012 இல் முதல் பாகம் திரைப்படமாயிற்று. அந்தக் கதைக்கு முந்திய காலத்தைச் சொல்லும் நாவல்கள் 2020 இல் ஒன்றும் 2025 இல் ஒன்றுமாக வெளிவந்திருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய், கோடிக்கணக்கில் விற்பனையான வரிசை இது.

"உம்மா, வகுப்பில எல்லாரும் வாசிச்சிட்டாங்க. நான் மட்டும்தான் மிச்சம்" என்று என் இளைய மகள் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. புத்தகத்தைக் கொண்டுவந்தவள் கொழும்பில் வேலை பார்க்கும் என் ராத்தாவின் மகள். "சாச்சி, முதல்ல நீங்க வாசிங்க. பொறகு குடுக்கிறதா இல்லையா எண்டு நீங்களே முடிவெடுங்க" என்று சொல்லி என் கையில்தான் தந்தாள். உலகம் இவ்வளவு புகழ்கிற புத்தகம் அந்தப் புகழுக்குத் தகுதியானதுதானா? அதை நம் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் கண்ட பதிலைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கதை இதுதான்

வட அமெரிக்கா அழிந்துபோன ஓர் எதிர்காலம். அதன் இடிபாடுகளின் மேல் 'பானெம்' என்று ஒரு நாடு எழும்பியிருக்கிறது. செல்வம் கொழிக்கும் தலைநகரத்துக்குக் கெப்பிட்டல் என்று பெயர். அதற்கு உழைத்துக் கொட்டுவதற்காகப் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒரு மாவட்டம் மீன் பிடிக்கும், ஒன்று பயிர் செய்யும், ஒன்று நிலக்கரி தோண்டும். முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் தலைநகருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து தோற்றுப்போயின. அதற்குத் தண்டனையாக ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அந்த 24 பிள்ளைகளையும் ஒரு பெரும் வெளியில் விட்டுவிடுவார்கள். ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் அதை நாடே பார்க்க வேண்டும். பெற்ற தாயும் பார்க்க வேண்டும்.

நிலக்கரி தோண்டும் பன்னிரண்டாம் மாவட்டத்தில், பன்னிரண்டே வயதான பிரிம் என்ற சிறுமியின் பெயர் சீட்டில் விழுகிறது. அவளுடைய ராத்தா கட்னிஸ், வயது 16, தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்று முன்வருகிறாள். முழுக் கதையையும் சொல்பவள் அவள்தான்.

இரவில் தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் யுத்தக் காட்சிகளும் மாறி மாறி வந்ததாகவும், களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்ததாகவும், அப்போதுதான் இந்தக் கதை தோன்றியதாகவும் கொலின்ஸ் கூறியிருக்கிறார். அவருடைய தந்தை அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். கொலின்ஸ் சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் ஒரு வருடம் வியட்நாம் யுத்தத்துக்குப் போயிருந்தார். அந்த வருடத்தைப் பற்றிச் சிறுவர்களுக்கான படப் புத்தகம் ஒன்றையும் கொலின்ஸ் 2013 இல் வெளியிட்டார். யுத்தம் என்பது வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்பதை அறிந்த ஒருவர் எழுதிய கதை இது. அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ஆனால் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு விடயங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று, சண்டை. மற்றது, கட்னிஸை விரும்பும் இரண்டு இளைஞர்களில் அவள் யாரைத் தெரிவு செய்வாள் என்பது. சண்டைக்காகவும் காதலுக்காகவும் மட்டும் இதைத் திறப்பவர்களுக்கு இது சுமாரான கதைதான். நான் வாசித்ததில் இந்த நாவல் உண்மையில் உயிரோடு இருப்பது அடுப்படிக்குப் பக்கத்தில்.

பசியின் கணக்கு

பெயரிலேயே பசி இருக்கிறது. பானெம் என்ற நாட்டின் பெயர் ஒரு லத்தீன் சொல். மக்களுக்குப் பாணும் களியாட்டமும் கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் தங்கள் உரிமையை மறந்துவிடுவார்கள் என்று பழைய ரோமாபுரியின் கவிஞர் ஜுவெனல் கேலி செய்தார். அவர் பாணுக்குச் சொன்ன சொல்தான் அது. நாம் காலையில் பேக்கரிக்கு ஆளனுப்பி வாங்கும் 'பாண்' என்ற சொல்லும் போர்த்துக்கேயர் வழியாக அதே லத்தீன் வேரிலிருந்து நம் நாட்டுக்கு வந்ததுதான். ஆகவே அந்த நாட்டின் பெயர் நம் காதுக்கு அந்நியமே இல்லை.

அந்த நாட்டில் சீட்டுக் குலுக்கல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு தடவை பெட்டிக்குள் போகிறது. பதின்மூன்றில் இரண்டு. இப்படியே கூடிப் பதினெட்டில் ஏழு. இதில் ஏழை, பணக்காரன் என்ற பேதம் இல்லை போலத் தோன்றும். ஆனால் பசித்த பிள்ளைக்கு ஒரு 'சலுகை' உண்டு. தன் பெயரை மேலதிகமாக ஒரு தடவை போடச் சம்மதித்தால், ஒருவருக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் அப்படிப் பெயர் போடலாம். போட்ட பெயர்கள் அடுத்த வருடமும் பெட்டியிலேயே இருக்கும்.

கூப்பன் காலத்தைக் கண்ட நம் உம்மாமாருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. இங்கே கூப்பனுக்கு விலை பிள்ளையின் உயிர், அவ்வளவுதான். கட்னிஸ் பன்னிரண்டு வயதிலிருந்து தனக்காக ஒன்று, தங்கைக்காக ஒன்று, உம்மாவுக்காக ஒன்று என்று வருடத்துக்கு மூன்று தடவை மேலதிகமாகப் பெயர் போட்டிருக்கிறாள். ஐந்து வருடத்தில் அது பதினைந்து. வயதுக்குரிய ஐந்தையும் சேர்த்தால் இருபது. அவளோடு வேட்டைக்குப் போகும் கேல் என்ற பையனுக்கு வயது பதினெட்டு, சாப்பாடு போட வேண்டியவர்கள் ஐந்து பேர். அவனுடைய பெயர் நாற்பத்திரண்டு தடவை பெட்டிக்குள் இருக்கிறது. மேயரின் மகளுக்கு அந்தப் பெட்டியைப் பற்றி இவர்களளவு பயம் இல்லை. அவளும் நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் வீட்டில் இரவுச் சாப்பாடு நிச்சயம்.

எந்தப் பொருளாதாரப் பாடமும் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்காது என்று எனக்குத் தோன்றியது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அரிசிப் பானை காலியான வீட்டில் அதே சட்டம் பல மடங்கு பாரமாக இறங்குகிறது. இன்னொரு சிறிய குறிப்பும் என் மனதில் தைத்தது. அந்த மாவட்டத்தில் யாரும் பட்டினியால் சாவதாக எழுதப்படுவதே இல்லை. காய்ச்சல் என்றோ குளிர் என்றோ சளி நெஞ்சில் கட்டியது என்றோதான் பதிவாகும்.

சாப்பாட்டு மேசையில்

தலைநகருக்குப் போகும் ரயிலில் கட்னிஸுக்கும் அவளோடு தெரிவான பேக்கரிக்காரரின் மகன் பீட்டாவுக்கும் பெரிய விருந்து வைக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போகும் எஃபி என்ற தலைநகரத்துப் பெண், இவர்களுக்குச் சாப்பிடும் முறையாவது தெரிகிறதே என்று மெச்சுகிறாள். போன வருடம் வந்த இரண்டு பிள்ளைகளும் காட்டுமிராண்டிகளைப் போலக் கையால் அள்ளிச் சாப்பிட்டதைப் பார்த்துத் தனக்கு வயிறே கலங்கிவிட்டதாம். அந்த இருவரும் வாழ்நாளில் ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டிராத பிள்ளைகள் என்பது கட்னிஸுக்குத் தெரியும். அவளுக்கு அவளுடைய உம்மா ஒழுங்காகச் சாப்பிடப் பழக்கியிருக்கிறாள். ஆனாலும் மீதிச் சாப்பாடு முழுவதையும் வேண்டுமென்றே கையாலேயே சாப்பிட்டு, மேசை விரிப்பில் கையைத் துடைக்கிறாள். இந்த இடத்தில் நான் தனியாக இருந்து சிரித்துவிட்டேன். கையால் சாப்பிடும் நமக்கு அந்தப் பிள்ளையின் கோபம் கூடுதலாகவே புரியும்.

தலைநகரில் பொத்தானை அழுத்தினால் சாப்பாடு வருகிறது. தோடம்பழத் துண்டுகள் சேர்த்த கோழிக் கறி, பட்டாணி, சின்னச் சின்னப் பணிஸ். அதைப் பார்த்ததும் கட்னிஸ் மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். கோழி வாங்க வசதியில்லை, காட்டு வான்கோழி பிடிக்கலாம். தோடம்பழத்துக்கு மாற்றாகக் கொடுக்க இன்னொரு வான்கோழி வேண்டும். பாலாடைக்குப் பதில் தங்கை வளர்க்கும் ஆட்டின் பால். பணிஸுக்கு பேக்கரிக்காரரிடம் இரண்டு மூன்று அணில். இந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்குத் தனக்கு எத்தனை நாள் வேட்டை! சந்தைக்குப் போகுமுன் கையிலுள்ள காசை மனதில் பிரித்துப் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணும் போடுகிற கணக்குத்தான் இது. பதினாறு வயதுக் கதாநாயகி ஒருத்தி இப்படிக் கணக்குப் போடுவதை நான் வேறு கதைகளில் அதிகம் கண்டதில்லை.

கதையின் வேர் இருப்பதும் ஒரு பாணில்தான். கட்னிஸுக்குப் பதினொரு வயதில் தந்தை சுரங்க வெடிப்பில் இறந்துபோகிறார். வீட்டில் ஒன்றுமில்லாத ஒரு மழை நாளில் அவள் பேக்கரிக்குப் பின்னால் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறாள். பேக்கரிக்காரரின் மனைவி விரட்டுகிறாள். அந்தப் பெண்ணின் மகன் பீட்டா, பாணை வேண்டுமென்றே நெருப்பில் விழவைத்துக் கருக்கி, அதற்காகத் தாயிடம் அடியும் வாங்கிக்கொண்டு, கருகிய பாணைச் சிறுமி இருக்கும் பக்கமாக எறிகிறான். இருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய களத்துக்கு அதே இருவரும் அனுப்பப்படுகிறார்கள்.

எழும்பாத உம்மா

இங்கேதான், சகோதரிகளே, என் ராத்தாவின் மகள் ஏன் இந்தப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்தாள் என்பது எனக்கு விளங்கிற்று.

தந்தை இறந்ததும் கட்னிஸின் உம்மா கட்டிலை விட்டு எழும்புவதில்லை. பிள்ளைகள் கண் முன்னால் மெலிந்துபோகிறார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். பதினொரு வயதுச் சிறுமி வீட்டைத் தலையில் ஏற்றுக்கொள்கிறாள். உம்மா பிறகு தேறிவிடுகிறாள். ஆனால் மகளின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அடைபட்டுப் போகிறது. அது முழுவதும் திறக்கவே இல்லை.

எங்கள் மச்சான் விபத்தொன்றில் மௌத்தானபோது ராத்தாவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ராத்தா மாதக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. தலை வாரவும் இல்லை. குசினிக்குள் கால் வைக்கவும் இல்லை. தம்பிக்கு ரொட்டி தட்டிக் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பியவள் அந்தப் பிள்ளைதான். நாங்கள் போய் வந்தோம், செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆனால் இரவில் அந்த வீட்டில் விளக்கை அணைத்தவள் அவள். இன்று அவள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். உம்மாவை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் அந்த மாதங்களைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

புத்தகத்தை முடித்துவிட்டு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். "அந்தப் புள்ள போகப் போறப்ப உம்மாக்கிட்ட பேசுற இடம், சாச்சி" என்றாள். விடைபெறும் நேரத்தில் கட்னிஸ் உம்மாவிடம் கடுமையாகச் சொல்கிறாள்: இனி ஒரு தடவை அப்படி எழும்பாமல் இருந்துவிடக் கூடாது, பிரிம்முக்கு இனி உங்களை விட்டால் யாரும் இல்லை என்று. அப்போது அந்த உம்மா, தனக்கு அது நோய், இன்று கையில் உள்ள மருந்து அன்று இருந்திருந்தால் தன்னையே குணப்படுத்தியிருப்பேன் என்கிறாள். நாவலில் தாயின் பக்கத்துக்குக் கிடைப்பது அந்த ஒரு சில வரிகள்தான். ஒரு தாயாக எனக்கு அது போதவில்லை. மகளின் கண்ணால் மட்டும் சொல்லப்படும் கதையில் தாய்க்கு நியாயம் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் துக்கமும் ஒரு நோயாகலாம், அதற்கும் மருந்துண்டு என்று ஒரு சிறுவர் நாவல் சொல்லியிருப்பதே பெரிது. ராத்தாவின் மகள் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். நானும் மேலே கேட்கவில்லை.

புத்தகம் வென்ற இடம், தோற்ற இடம்

களத்தில் கட்னிஸுக்குத் துணையாகச் சேர்பவள் ரூ. பதினோராம் மாவட்டத்துச் சிறுமி, பிரிம்மின் அதே வயது. பயிர் செய்யும் மாவட்டத்திலிருந்து வந்தவள், ஆனால் விளைந்ததில் வாய் வைத்தால் அங்கே சாட்டையடி. சுட்ட பறவையின் ஒரு முழுக் காலைத் தனக்கென்று வைத்துச் சாப்பிட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்தச் சிறுமி கொல்லப்பட்டதும் கட்னிஸ் உடலைப் பூக்களால் மூடுகிறாள். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து ஒரு சிறிய பரசூட் இறங்குகிறது. பிறை வடிவத்தில், மேலே விதை தூவிய ஒரு கறுத்தப் பாண். ரூவின் மாவட்டத்தார், தங்களிடம் இல்லாத காசைச் சேர்த்து, இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்கு அனுப்பியது. அப்படி ஒரு மாவட்டம் அனுப்பியது அதுவே முதல் தடவை.

கதையின் நெஞ்சு இதுதான் என்பேன். பிள்ளைகளைப் பிரித்துச் சண்டை மூட்டிய அரசுக்கு ஏழைகள் கொடுத்த பதில் ஒரு பாண். திரைப்படத்தையும் பார்த்தேன். படத்தில் அந்தப் பாண் இல்லை. அந்த இடத்தில் பதினோராம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. கலவரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைத்தான் அந்தத் தலைநகரத்தாரும் கேட்டார்கள். ஆகவே படத்தைப் பார்த்துவிட்டோம், புத்தகம் எதற்கு என்று பிள்ளைகள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். கொல்லாவிட்டால் சாவாய் என்ற நிலையில் ஒரு நல்ல பிள்ளை என்ன செய்வாள்? இந்தப் புத்தகம் எழுப்பும் பெரிய கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்காகத்தான் நாம் பயந்து பயந்து பக்கம் திருப்புகிறோம். ஆனால் ஆசிரியை கதாநாயகியின் கையைக் கறைபடாமல் காப்பாற்றிவிடுகிறார். கட்னிஸ் குளவிக் கூட்டை வெட்டி விழுத்துவது அவளைக் கொல்வதற்காக மரத்தடியில் காத்திருந்தவர்கள் மேல். அம்பெய்வது ரூவைக் கொன்றவன் மேல். கடைசியில் ஒருவனை வேதனையிலிருந்து விடுவிக்கவே எய்கிறாள். ரூவைக் கொல்ல வேண்டிய நிலை அவளுக்கு வரவே இல்லை. வேறொருவன் அதைச் செய்துவிடுகிறான். ரூவின் மாவட்டத்துப் பையன் திரெஷ் ஒரு தடவை இவளை உயிரோடு விடுகிறான். அவனையும் இவள் எதிர்கொள்ள வேண்டியதில்லை, அவனும் வேறு கையால் போய்விடுகிறான். பரீட்சைத் தாளில் கடினமான கேள்வியைப் போட்டுவிட்டு, அதைச் செய்யாமலே சித்தியடைய வைத்தது போல் இருக்கிறது. எதிர்பார்ப்புக்குக் கீழே புத்தகம் இறங்கும் இடம் இது. எதிராளிகளில் பலர் வெறும் கெட்டவர்களாகவே நின்றுவிடுவதும் இதனால்தான். அவர்களும் சீட்டில் விழுந்தவர்கள் அல்லது அதற்கென்றே வளர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்திருப்பாள்.

ஜப்பானிய எழுத்தாளர் கோஷுன் தக்காமியின் 'பட்டில் ரோயல்' என்ற நாவல் 1999 இலேயே மாணவர்கள் ஒருவரையொருவர் கொல்லும் கதையைச் சொல்லிவிட்டது என்று பலர் சுட்டிக்காட்டுவதுண்டு. தன் நூலை எழுதிக் கொடுக்கும்வரை அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கொலின்ஸ் கூறியிருக்கிறார். இளைஞரைப் பலி கேட்ட அரசனின் கதை அதைவிடப் பழையது. கிரேக்கப் புராணத்தில் ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு யுவதிகளையும் கிரீட் தீவின் அரக்கனுக்கு அனுப்பியது. அதையே தன் ஆரம்பமாகக் கொலின்ஸ் குறிப்பிடுகிறார். ஆகவே கதைக்கரு புதிதா பழையதா என்ற வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. பசியின் கணக்கு அவருடையது. அது போதும்.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

அந்த இரண்டு இளைஞர்களின் விடயத்துக்கு வருகிறேன். காதல் கதை என்றதும் நம்மில் பலருக்கு நெற்றி சுருங்கும். ஆனால் இங்கே காதல் எதற்கு என்று பாருங்கள். களத்தில் உள்ள பிள்ளைகளுக்கு மருந்தும் உணவும் வேண்டுமென்றால், பார்க்கும் பணக்காரர்களுக்கு அவர்களைப் பிடிக்க வேண்டும். காதல் ஜோடி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். கட்னிஸ் பீட்டாவை முத்தமிட்டதும் ஒரு சட்டி சூப் இறங்குகிறது. சூப்புக்காக நடிக்கிறாளா, உண்மையாகவே விரும்புகிறாளா என்று அவளுக்கே தெரியாமல் போகிறது. பெண் பிள்ளையை மேடையில் நிறுத்தி, சிரி, சுற்றிக் காட்டு, எல்லோருக்கும் பிடித்தவளாக இரு, அப்போதுதான் சோறு என்று சொல்லும் உலகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கைத்தொலைபேசியில் தன் படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று எண்ணும் நம் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல இடமும் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2013 இல் இரண்டாவது படம் வெளிவந்தபோது, அமெரிக்காவின் கவர்கேர்ள் நிறுவனம் கெப்பிட்டல் நகரத்தின் பெயரிலேயே ஒப்பனைப் பொருட்களை விற்றது. சப்வே உணவகங்களும் படத்தின் பெயரைச் சொல்லி சாண்ட்விச் விற்றன. பசித்த பிள்ளைகளின் கதையை வைத்து வயிறு நிறைந்தவர்களுக்கு விற்பனை! நூல் யாரைக் கேலி செய்ததோ அவர்களே அதை எடுத்து அணிந்துகொண்டார்கள். இது நூலின் தோல்வியா, அது சொன்னது உண்மை என்பதற்கு அத்தாட்சியா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வேறு விதமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நாவலில் பன்னிரண்டாம் மாவட்டத்தார் இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவார்கள். அது மரண வீடுகளில் அன்புக்குரியவருக்கு விடை கொடுக்கும் பழைய வழக்கம். 2014 இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது மக்கள் தெருவில் மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அதற்காகக் கைதானவர்களும் உண்டு. 2021 இல் மியன்மாரிலும் இராணுவ ஆட்சிக்கு எதிராக அதே கைகள் உயர்ந்தன. சாண்ட்விச் விற்கவும் ஒரு கதை உதவும், சிறைக்குப் போகும் துணிவைக் கொடுக்கவும் அதே கதை உதவும் போலிருக்கிறது.

கொடுக்கலாமா?

அமெரிக்காவிலும் நம்மைப் போன்ற பெற்றோர் கலங்கியிருக்கிறார்கள். அந்நாட்டு நூலகச் சங்கம் வருடாவருடம் வெளியிடும், அதிக ஆட்சேபனைக்குள்ளான நூல்களின் பட்டியலில் இந்த நூலுக்கு 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இடம் கிடைத்தது. வன்முறை, வயதுக்குப் பொருந்தாமை என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும். அவர்களின் கலக்கத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் காட்சிகள் இதில் உள்ளன, முடிவுப் பகுதியில் மிருகங்கள் வரும் இரவு பெரியவர்களுக்கே கனமானது. பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குப் பதின்மூன்றிலும் யோசித்துத்தான் கொடுப்பேன். ஆங்கிலம் எளியது, வசனங்கள் சிறியவை. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை அகராதியைத் தேடாமல் வாசித்துவிடும்.

என் மகளிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. நானும் வாசித்தவள் என்பதால் நாளுக்கு நாள் பேச வேண்டும். இப்போது இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சீட்டுக் கணக்கைப் பற்றி எங்கள் வீட்டில் விவாதம் நடக்கிறது. "உம்மா, கேலுக்கு நாப்பத்திரண்டு எண்டா, அவனோட தம்பிக்குப் பன்னிரண்டு வயசாகும்போது என்ன செய்வாங்க?" என்று நேற்றுக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி கேட்க வைத்ததே என்று மனதுக்குள் அந்த நூலுக்கு ஒரு புள்ளி போட்டுக்கொண்டேன்.

எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறதா என்றால், களத்தில் பாதி, களத்துக்கு வெளியே முழுமையாக என்பதே என் தீர்ப்பு. சண்டைக் கதையாக வாசித்தால் நூறில் ஒன்று. பசியின் கதையாக வாசித்தால் நூறு பேரில் ஒருவர் எழுதுகிற கதை.

உங்கள் வீட்டிலும் இந்தப் புத்தகம் வந்து சேரலாம், அல்லது ஏற்கெனவே தலையணைக்குக் கீழே இருக்கலாம். பறித்து வைக்க முன் ஒரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். முழுவதும் வாசிக்க நேரமில்லையென்றால் முதல் மூன்று அத்தியாயங்களையாவது வாசியுங்கள். பிள்ளை வாசித்து முடித்ததும், கடைசியில் யார் வென்றார்கள் என்று கேட்க வேண்டாம், அதை எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கதையில் யார் யாருக்குச் சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளை விரல் விட்டு எண்ணத் தொடங்குவாள். கூட இருந்து கேட்டுக்கொண்டிருங்கள்.